பிரசங்கத்துக்கு ஆகும்

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். நாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை அந்தப் பைக்குப் போகும். போனால் போச்சு. அதற்கப்புறம் நாம் சொன்னது நம்முடையது இல்லை. எழுதி முடித்து, பேனாவை மூடி, "நல்லதும்மா, இது பிரசங்கத்துக்கு ஆகும்" என்பார். நம் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை வாங்கிப் பார்த்து, சாம்பாருக்கு ஆகும் என்று சொல்வதைப்போல.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சபைக்குப் போதகராக வந்தவர். பாண்டிச்சேரியில் பெரிய கோயில்கள் எல்லாம் கத்தோலிக்கர்களுடையவை. எங்களுடையது முதலியார்பேட்டைப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு கட்டடம். மில் வேலைக்காரக் குடும்பங்கள்தான் பெரும்பாலும். ஒரு ஆர்மோனியம், ஒரு மணி. கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலத்தில் பெரிய கோயில் மணிகள் அடித்து ஓய்ந்த பிறகுதான் எங்கள் மணி காதில் விழும். அப்படிப்பட்ட இடத்துக்கு இவ்வளவு அழகான மனிதர் வந்ததில் எங்களுக்கு முதலில் பெருமைதான். நல்ல உயரம். வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு பீடத்தில் ஏறி, இரண்டு கையையும் விரித்து, "பிரியமானவர்களே" என்று ஆரம்பித்தால் கடைசி வரிசையில் பாலுக்கு அழுகிற குழந்தைகூட வாயை மூடும். அந்தக் குரலைக் கர்த்தர் ஒரு நல்ல மனிதருக்குக் கொடுத்திருக்கலாம்.

நான் அப்போது கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனு, பத்திரம், அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எல்லாம் அடிப்போம். தமிழ் டைப்பிங் தெரிந்த ஆள் சபையில் நான் ஒருத்திதான். அதனால் வந்த இரண்டாவது வருடமே அவர் தன்னுடைய பண்டிகைக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் நாலு பக்கம் எழுதுவார். தலைப்பு, 'போதகர் இல்லத்திலிருந்து'. குடும்பம், விசுவாசம், சபை வாழ்க்கை பற்றிய அவருடைய தியானங்கள். அதை நான் ஸ்டென்சிலில் அடித்து, கடையிலிருந்த சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி, பிரதிகள் எடுத்துக் கொடுக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, தன் கையாலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுப்பார். வேறு யாரையும் கொடுக்க விடமாட்டார். அந்தக் கடிதத்துக்குள் ஒரு வீடு இருந்தது. அதில் ஒரு தகப்பன் காலையில் எழுந்து வேதம் வாசிப்பார், ஒரு தாய் பாடிக்கொண்டே சமைப்பாள், ஒரு மகள் தகப்பன் காலடியில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள்.

முதல் தடவை அடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. அப்புறம் அந்த வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனைவியை நாங்கள் பாஸ்டரம்மா என்போம். ஒல்லியான உருவம், ஆஸ்துமாக்காரி. ஒரு டிசம்பரில் ஸ்டென்சிலில் ஒரு சந்தேகம் கேட்கப் போயிருந்தேன். பின்கட்டுச் சமையலறையில் அவர் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். சபையிலிருந்து வருகிற அத்தனை பேருக்கும் தட்டில் வைக்க வேண்டுமே. அச்சை எண்ணெயில் விடுவார். சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்குவார். மறுபடி அச்சை எடுப்பார். முன்னறையிலிருந்து போதகரின் குரல் கேட்டது.

"கதவச் சாத்திக்கிட்டுச் சுடக் கூடாதா? புஸ்தகமெல்லாம் எண்ணெ நாத்தம்."

பாஸ்டரம்மா எழுந்து கதவைச் சாத்தினார், புகையையும் தன்னையும் உள்ளே வைத்து. நான் போய்த் திறந்தேன்.

"தெறக்காதம்மா. இன்னும் ஒரு படி மாவுதான்" என்றார். இதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு நின்று வந்தது.

அந்த வருடக் கடிதத்தில் இப்படி இருந்தது: 'என் துணைவியார் கீர்த்தனைகளைப் பாடியபடியே தம் கரங்களால் பலகாரம் செய்யும்போது எங்கள் இல்லமே பெத்லகேம் ஆகிறது.' நான் அப்படியே அடித்தேன். பாட்டாம்! பேசுவதற்கே அந்த அம்மாவுக்குக் காற்றுப் போதவில்லை.

மகளுக்கு அப்போது பதினாறு, பதினேழு இருக்கும். அப்பா எழுதியதை என் கையிலிருந்து வாங்கி வாசித்துவிட்டுச் சிரிப்பாள். ஒருநாள் கேட்டாள்: "அக்கா, இந்த வீடு எங்க இருக்கு? எனக்கும் அட்ரஸ் குடுங்க, போயி இருந்துக்கறேன்."

நான் அநியாயமாகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு தடவை அவர் நல்லது செய்ததை நானே பார்த்தேன். ஒரு கார்த்திகையில் புயலடித்து வைத்திக்குப்பத்துக்குள் தண்ணீர் வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, குடிசையில் மாட்டியிருந்த ஒரு கிழவரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தண்ணீர் அவருக்கு முழங்காலளவு. அந்த வருடப் பிரசங்கத்தில் இடுப்பளவு. அடுத்த வருடம் மார்பளவு. நாலாம் வருடம் கழுத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் போதகர் முழுகியிருப்பார். அந்தக் கிழவருக்குக் கொஞ்ச நாள் கழித்துப் பார்வை போய்விட்டது. பையன் வந்து சொன்னபோது இவர் போய்ப் பார்க்கவில்லை. கிழவரிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஏழு வயதில் விஷ ஜுரம் கண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தான். அந்த நேரத்தில் அம்மா மட்டும்தான் கூட இருந்தாள். அப்பா ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடியிருந்தார். ஆள் கிடைக்காமல் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருந்த கதை இதுதான். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்து நடமாடினாள். "உங்கப்பா செருப்புகூட போடாம ஓடுனாருடி" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். முன்பு குடிப்பார். தம்பி போனதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. போதகர் வந்து மூன்றாவது வருடம், டிசம்பர் தொடக்கத்தில், மன்னிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அப்பாவை அது எங்கோ போய்க் குத்தியிருக்கிறது. ஆராதனை முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போதகரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரம் அப்பா வேறு ஆளாக இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு சவுக்குக் கிளையை வெட்டிக்கொண்டு வந்து, மண் நிரப்பின டின்னில் நட்டு, வாசலில் நட்சத்திரம் கட்டினார். தம்பி இறந்த பிறகு எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டியது அதுதான் முதல் தடவை. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கலகலாப் பலகாரத்துக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.

பண்டிகைக் காலை ஆராதனை. பெண்கள் பக்கம் அம்மாவும் நானும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அப்பா அந்தப் பக்கம், தூண் அருகில். போதகர் பீடத்தில் ஏறினார்.

"பிரியமானவர்களே, நம் நடுவில் ஒரு தகப்பன் இருக்கிறார். அவருடைய ஒரே ஆண் பிள்ளை கோரிமேட்டில் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தபோது அந்தத் தகப்பன் எங்கே இருந்தார் தெரியுமா? ரத்தம் தேடிப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சாராயக் கடையில் உட்கார்ந்திருந்தார்! பிள்ளை சாவதைப் பார்க்கத் தைரியமில்லாத தகப்பன்! ஆனால், பிரியமானவர்களே, பரமபிதா அப்படிப்பட்டவரா?"

எங்கள் சபையில் கோரிமேட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஒன்றுதான் இருந்தது.

அம்மா திரும்பவே இல்லை. முக்காட்டை மட்டும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். எனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, பார்க்கப் பயமாகவும் இருந்தது. பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது அவரும் எழுந்து நின்று, வாயை அசைத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா எப்போதும்போல இலை போட்டாள். கறிக்குழம்பு ஊற்றினாள். அப்பா கையை வைக்கும்போது கேட்டாள்.

"ரத்தத்துக்கு ஆள் தேடிப் போனேன்னு சொன்னியேய்யா?"

அப்பா இலையிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல. அந்த ஆள்கிட்ட போயி சொன்ன."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. அதற்குப் பிறகு அப்பா சாகும்வரை அம்மா அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. 'உங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு', 'உங்கப்பாகிட்ட மில்லுல போனஸ் போட்டாங்களான்னு கேளு'. ஒரே அறையில் இருந்துகொண்டு நான் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் வார்த்தைகளைச் சுமந்தேன். அப்பா அந்தப் பொங்கலுக்குள்ளேயே மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

பண்டிகைக்கு மறுநாளே நான் போதகரைப் பார்க்கப் போனேன். ஈஸிசேரில் சாய்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கப்பா உங்கள நம்பித்தான சொன்னாரு?"

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது இருந்திருக்கும். ரொம்பக் கனிவாகப் பேசினார்.

"நேத்து எத்தன பேர் கண்ணுல தண்ணி, பாத்தியாம்மா? ரெண்டு பேர் வந்து, இனிமே குடிக்க மாட்டேன்னு என் கையப் புடிச்சாங்க. உங்கப்பா பட்ட கஷ்டம் வீணாப் போகல. நாலு பேருக்குப் பிரயோஜனப்பட்டுது."

"எங்கம்மாவுக்கு அது தெரியாதுங்க ஐயா. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சிது."

அவர் உரித்த சுளையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். வருத்தப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சுளையைத் தட்டில் வைத்துவிட்டு, விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

இத்தனைக்கும் பிறகு அவர் கடிதத்தை ஏன் தொடர்ந்து அடித்தாய் என்று கேட்கலாம். அம்மா சபையை விடவில்லை. தம்பியைப் புதைத்த இடம் சபையுடையது. அதோடு, பீடத்தில் அவர் பேசப்போவது யாருக்கும் தெரியாது, கடிதத்தில் எழுதுவதாவது எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு வருடம் ஒரு விதவையின் மகனைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். பெயரைத் தவிர எல்லாம் இருந்தது. நான் அந்தப் பத்தியை அடிக்கவில்லை. அவர் கவனிக்கவே இல்லை. நான் அடித்ததை அவர் ஒருநாளும் திரும்பிப் படித்ததில்லை. அவர் எழுதியது அப்படியேதான் இருக்கும், வேறு எப்படி இருக்க முடியும் என்று ஒரு நினைப்பு. அதற்குப் பிறகு வருடா வருடம் யாராவது ஒருவரை அந்தக் கடிதத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அவர் மகள் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வில்லியனூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். இந்துக்கள். பாண்டியில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் நேராக வீட்டுக்குத்தான் வந்தார்கள். போதகர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே, "இந்தப் படி ஏறாத" என்று சொன்னாராம். பாஸ்டரம்மாவிடம், அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊரார் வீட்டுச் சங்கதிகளைப் பீடத்தில் ஏற்றின மனிதர், தன் வீட்டுச் சங்கதியை மட்டும் பாய்க்கடியில் வைத்துக்கொண்டார். அந்த டிசம்பர் கடிதத்தில், 'எங்கள் மகள் வடநாட்டில் ஊழியப் பயிற்சியில் இருக்கிறாள்' என்று எழுதினார். அடுத்த வருடமும் அதே வரி. சபையில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். பண்டிகையன்று வீட்டுக்குப் போய், "பாப்பா சௌக்கியமா ஐயா? அங்க குளிரு ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து சிரித்தார்கள். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது.

மூன்றாவது வருடம் டிசம்பரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பாஸ்டரம்மா என் டைப்பிங் கடைக்கு வந்தார். அதுவரை அவர் கடைத்தெருவில் தனியாக நடந்து நான் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"ஐயா லெட்டர் குடுத்துட்டாரா?"

"நேத்தே குடுத்துட்டாரும்மா."

"வடநாடுன்னு ஒரு லைன் இருக்குமே. அத எடுத்துட்டு இதப் போட்டுடு."

பென்சிலில் எழுதியிருந்தார். கோணல் எழுத்து.

'எங்கள் மகள் வடநாட்டில் இல்லை. வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளை வீட்டுக்கு வராதே என்று சொன்னது நாங்கள்தான். அவளுக்கு ஐப்பசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. நான் இன்னும் பார்க்கவில்லை. பண்டிகைக்குப் பார்க்கப் போகிறேன். சபையார் ஜெபித்துக்கொள்ளவும்.'

கீழே தன் பெயரை எழுதியிருந்தார். பத்து வருடத்துக்கு மேல் பழகியும் அன்றைக்குத்தான் எனக்கு அவர் பெயர் தெரிந்தது.

"அம்மா, ஐயா உங்கள இன்னா பண்ணுவாரோ?"

"இன்னா பண்ணுவாரு? கதவச் சாத்துவாரு. அதுக்குள்ள நான் வெளிய இருப்பேன்."

அவர் போன பிறகு ஸ்டென்சிலை மாட்டி அடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் அடித்த பக்கம் அதுதான்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்து, போதகர் வாசலில் நின்று, எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "பண்டிகை ஆசீர்வாதம்" என்று சிரித்தார். முதலில் வாங்கினவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பிரித்தார்கள். பேச்சு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போதகர் இன்னும் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி, "இன்னாடி எழுதியிருக்குது, எல்லாரும் இப்பிடி முழிக்கிறீங்க? சத்தமாப் படி" என்றாள். பக்கத்திலிருந்த பெண் படித்தாள். வடநாட்டில் இல்லை என்கிற இடத்தில் போதகரின் கை நின்றது. கையிலிருந்த கடைசிப் பிரதிகளில் ஒன்றைப் பிரித்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் அடித்ததை வாசித்தார்.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். இந்த நிமிஷத்துக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கத்தப் போகிறார், இல்லை ஓடப் போகிறார் என்று நினைத்தேன். முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அங்கே வெறும் ஒரு வயசான ஆள் நின்றார். அப்புறம் இரண்டு கையையும் விரித்தார்.

"பிரியமானவர்களே! ஜெபம் பண்ணுவோம்."

வெயிலில் நின்றபடியே ஜெபித்தார். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. தன் இருதயத்தில் மூன்று வருடமாகச் சுமந்த முள்ளைப் பற்றி, மகளுக்காக முழங்காலில் நின்று கழித்த நாட்களைப் பற்றி, வாசலைப் பார்த்தே பூத்துப்போன தன் கண்களைப் பற்றி. முடிக்கும்போது பெண்கள் விம்மிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் போய் அவர் கையைப் பிடித்தார்கள். கதவை அடைத்தது யார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. என் அம்மாவைப் பார்த்தேன். அவள் தாளைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே சொன்னாள்: "இந்தாளு தோக்கவே மாட்டான்டி."

பாஸ்டரம்மா பண்டிகையன்று காலை முதல் பஸ்ஸில் ஒரு டின் அச்சு முறுக்கோடு வில்லியனூர் போனார். திரும்பி வரவில்லை. போதகர் அன்றைக்கு, வீட்டை விட்டுப் போன மகனை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனைப் பற்றிய கெட்ட குமாரன் கதையைப் பிரசங்கித்தார். அந்தத் தகப்பன் தான்தான் என்றார். பிரசங்கம் பிரமாதம் என்றார்கள். கடலூர், சிதம்பரம், விழுப்புரம் என்று வெளியூர்ச் சபைகளிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. எல்லா ஊருக்கும் போனார். விழுப்புரம் போகிற பஸ் வில்லியனூர் வழியாகத்தான் போகும். அவர் அங்கே இறங்கவில்லை.

மறுவருடம் டிசம்பரில் என் கடைக்குக் கடிதத்தோடு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் நாலு பக்கத்தையும் அவர் முன்னாலேயே படித்தேன். காணாமற்போன மகள், பாவமன்னிப்பு, தூரத்தில் ஒரு மழலை. எல்லாம் இருந்தது.

"நான் அடிக்கலைங்க ஐயா."

"ஏம்மா?"

"ஒங்க மகளப் பாத்தீங்களா?"

"இருதயத்துல மன்னிச்சிட்டேம்மா."

"பேத்தியப் பாத்தீங்களா?"

அவர் தாள்களை வாங்கி, மழலை என்று எழுதியிருந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுக்கு இன்னா பேரு வெச்சிருக்காங்க? உனக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க பேரு இருந்தா நல்லா இருக்கும்."

எனக்குத் தெரியும். நான் பெயர் சூட்டு விழாவுக்கே போயிருந்தேன்.

"வில்லியனூர் பஸ்சு எதிர்லதான் நிக்கும் ஐயா. போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த மனுவை மறுபடி அடிக்க ஆரம்பித்தேன். அவர் தாள்களை மடித்துக்கொண்டு போய்விட்டார். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கடிதம் வேறு கடையில் அடிக்கப்பட்டு வந்தது. அதில் மழலை மழலையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எங்கள் சபையிலேயே இருந்தார். பிறகு செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கேயே இறந்துபோனார். பாஸ்டரம்மாவும் மகளும் அடக்கத்துக்குப் போய்வந்தார்கள். குடும்பத்தைக் கட்டிக் காத்த மனிதர் என்று அங்கே யாரோ பேசினார்களாம்.

போதகர் குழந்தையின் பெயரைக் கேட்ட அந்த டிசம்பருக்கு அடுத்த தை மாதம் நான் வில்லியனூர் போயிருந்தேன். பாஸ்டரம்மா வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். மகள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். போதகர் குரலிலேயே பேசிக் காட்டினேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாஸ்டரம்மா சிரிக்கவில்லை.

"பேரு கேட்டாரா?"

"கேட்டாரும்மா. லெட்டர்ல போடறதுக்கு."

"நீ சொல்லலியா?"

"சொல்லல."

"சொல்லியிருக்கலாம்."

"எதுக்கும்மா? அவுரு எழுதறதுக்குத்தான கேட்டாரு?"

"எழுதறதுக்குத்தான்" என்றார் பாஸ்டரம்மா. "எழுதறதுக்காவது அந்தப் பேர ஒரு தடவ வாயால சொல்லிப் பாத்திருப்பாரு."

குழந்தை வாயைத் திறந்தது. அவர் அடுத்த வாயை உருட்டி ஊட்டினார்.